ஒமிப்ரசோல் குடிக்கிறவங்க கவனத்துக்கு: எதோட மோதும், எப்ப நிறுத்தலாம், எப்ப நிறுத்தவே கூடாது

மருந்துமேசை (ஹட்டன்):

மாதக் கிளினிக்குக்குப் போய் வருகிற எவருடைய மருந்துப் பையைத் திறந்தாலும் வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் இருக்கிறது. சிலருக்கு அது உண்மையிலேயே வேண்டும். சிலருக்கு என்றோ ஒரு வயிற்றெரிவுக்கு எழுதியது, கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே இறங்கி வந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பேசுவதற்கு ஒரு மாதிரிப் பட்டியல். தனி ஒருவருடையது அல்ல, ஆனால் இப்படி ஒரு பை எந்தத் தோட்டத்திலும் இருக்கும். பெண், வயது 62. நாலு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இருதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்தது. சீனி வருத்தம், தைரொயிட் குறைவு, இரத்தச்சோகை, முழங்கால் நோவு. மருந்துகள்: அஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோகிரல் 75 மி.கி., அட்டோவாஸ்டாட்டின் 40 மி.கி. இரவு, மெட்ஃபோமின் 500 மி.கி. இரண்டு வேளை, தைரொக்சின் 50 மைக்ரோகிராம், இரும்புச்சத்துக் குளிசை 200 மி.கி., ஒமிப்ரசோல் 20 மி.கி. இரண்டு வேளை. கால் நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக், அது கொப்பியில் இல்லை. இதில் எது எதோடு மோதுகிறது?

அதற்கு முன் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒமிப்ரசோல் வயிற்றில் கரைந்து அமிலத்தை முறிக்கிற மருந்து அல்ல. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் போய், இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கிற பம்புகளைப் பிடித்துப் பூட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கிற பம்பைத்தான் அதனால் பூட்ட முடியும். பம்பை ஓட வைப்பது சாப்பாடு. மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் எடுக்கும். ஆகவே குளிசை இரத்தத்தில் இருக்கும்போது சாப்பாடு வயிற்றுக்குள் போக வேண்டும். சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் என்பது இதனால்தான். முழுப் பலன் தெரிய 3 முதல் 5 நாள் ஆகும். முதல் நாளே கேட்கவில்லை என்று இரண்டாவது குளிசை போடுவதில் பயன் இல்லை.

கிளினிக்கொப்பி (தலவாக்கலை):

நேரம் பற்றிச் சொன்னது முக்கியம் அண்ணே. நம்ம பக்கத்தில் இந்த மருந்து கேட்காமப் போறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். காலையில 5 மணிக்கு எழும்பி, குளிசையைப் போட்டு, ஒரு பிளேன்டீயைக் குடிச்சிட்டு மலைக்குப் போயிடுவாங்க. ரொட்டியைக் கட்டி எடுத்துப் போய் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவாங்க. 5 மணிக்குப் போட்ட மருந்து 10 மணிக்கு எங்க இருக்கும்? இரண்டு வழி இருக்கு. புறப்படுறதுக்கு முன்னால பாதி ரொட்டியாவது சாப்பிட்டுப் போறது. இல்லையென்றா காலைக் குளிசையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னுக்கு மாத்தச் சொல்லி டொக்டர்கிட்டக் கேட்கிறது. ஒரு வேளைதான் எழுதியிருக்கு, எரிவும் ராத்திரியில்தான் என்றா அது நல்லாவே வேலை செய்யும்.

இன்னொன்று உறை. மருந்து உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தா, வீட்டுக்கு வந்தபிறகு யாரையும் கேட்க முடியாது. "கேமட்ட பெர" என்றால் சாப்பாட்டுக்கு முன். "கேமட்ட பசு" என்றால் சாப்பாட்டுக்குப் பின். கவுண்டரை விட்டு நகர முன்னால கேட்டு, உறையிலயே தமிழில் எழுதிக்கொள்ளுங்க. ஒமிப்ரசோல் மற்றக் குளிசைகளோட ஒரே கட்டாகச் சேர்ந்து "சாப்பாட்டுக்குப் பின்" ஆகிப் போறது அடிக்கடி நடக்கிற பிழை.

சிவனொளி (மஸ்கெலியா):

பட்டியலுக்கு வருகிறேன். அதில் முதலாவது மோதல் குளோபிடோகிரல். இந்த மருந்து விழுங்கியபடியே வேலை செய்யாது. ஈரலில் சீ.வை.பி. 2சீ19 என்ற நொதியம் அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் இரத்தக் கட்டியைத் தடுக்கிற வடிவம் பெறும். ஒமிப்ரசோலும் அதே வகையான எசோமெப்ரசோலும் அந்த நொதியத்தையே அடைத்து உட்காருகின்றன. ஸ்டென்ட் வைத்த நாலாவது மாதத்தில் குளோபிடோகிரல் குறைவாக வேலை செய்வது விளையாட்டான காரியம் அல்ல. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இலேயே இந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று எச்சரித்தது.

காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. வயிற்றுக்குள் இரண்டும் முட்டிக்கொள்வதால் வருகிற பிரச்சினை என்றால் நேரத்தைப் பிரிக்கலாம். இது ஈரலில் நடக்கிறது. 12 மணித்தியாலம் தள்ளிக் குடித்தாலும் மோதல் இருக்கும். மாற்று, அதே வகையில் உள்ள பென்டோப்ரசோல். அந்த நொதியத்தை அது மிகக் குறைவாகவே தொடுகிறது. இந்த அம்மாவுக்கு பென்டோப்ரசோல் 40 மி.கி. காலையில் ஒரு வேளை போதுமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். "மோதும்" என்று படித்துவிட்டு அமிலம் குறைக்கும் மருந்தையே நிறுத்திவிடாதீர்கள். அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்ந்து போகிறவருக்கு, அதுவும் இந்த வயதில், இரைப்பையில் இரத்தம் கசியும் ஆபத்து நிஜமானது. இவருக்கு அமிலம் குறைக்கும் மருந்து தேவை. தேவையில்லாதது அந்தக் குறிப்பிட்ட ஒன்றுதான்.

ஆய்வுக்கூடம் (கண்டி):

சிவனொளி சொன்னதில் ஒரு திருத்தம் அல்ல, ஒரு சேர்க்கை. 2010இல் வெளியான கோஜென்ட் ஆய்வில் குளோபிடோகிரலோடு ஒமிப்ரசோல் கொடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் மாரடைப்பு போன்றவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. வயிற்று இரத்தக்கசிவு குறைந்தது. ஆகவே இரத்தப் பரிசோதனையில் தெரிகிற மோதல், நோயாளியில் அதே அளவுக்குத் தெரிவதில்லை. இத்தனை நாள் இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்கள் பயந்து போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சிவனொளி (மஸ்கெலியா):

ஆய்வுக்கூடம், அந்த ஆய்வு நடுவில் நிறுத்தப்பட்டது. அனுசரணை செய்த நிறுவனத்தின் பணம் நின்றதுதான் காரணம். அதனால் சிறிய ஆபத்து இருந்தாலும் பிடிபட்டிருக்காது. பயப்பட வேண்டாம் என்பது சரி, ஆனால் பக்கத்திலேயே பென்டோப்ரசோல் இருக்கும்போது அந்தச் சந்தேகத்தைச் சுமப்பானேன்? அடுத்த கிளினிக் நாளில் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை இரண்டில் எதையும் தானாக நிறுத்த வேண்டாம். முக்கியமாகக் குளோபிடோகிரலை ஒரு நாள்கூட விடக் கூடாது.

இனி டைக்ளோஃபெனாக். பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான், அதுதான் கொப்பியில் இல்லாதது. மாரடைப்பு வந்தவருக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது. இருதயத்துக்குக் கூடாது, சிறுநீரகத்துக்குக் கூடாது, அஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு பெருகும். "கூடவே ஒமிப்ரசோல் போடுறேன், ஒண்ணும் செய்யாது" என்பது பாதி உண்மைகூட இல்லை. அமில மருந்து இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்கும். அதற்குக் கீழே உள்ள குடலைக் காக்காது. சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தொடவே தொடாது. கால் நோவுக்கு பரசிட்டமோல், வெந்நீர் ஒத்தடம், மேலே பூசுகிற மருந்து என்று டொக்டரிடம் பேசித் தீர்க்க வேண்டும். கொழுந்துக் கூடையோடு முப்பது வருசம் மலை ஏறி இறங்கிய முழங்கால் நோகத்தான் செய்யும். அந்த நோவை யாரும் கேட்காததால்தான் கடைக்குளிசை வருகிறது. கிளினிக்கில் நோவையும் சொல்லுங்கள், கடையில் வாங்கியதையும் சொல்லுங்கள்.

பீலித்தண்ணி (பண்டாரவளை):

இரும்புச்சத்துப் பக்கம் யாரும் இன்னும் வரவில்லை. நம் பெண்களுக்கு இதுதான் பெரிய விசயம்.

சோறு, கீரை, பருப்பு, இரும்புக் குளிசை இவற்றில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதற்கு வயிற்று அமிலம் வேண்டும். அமிலம்தான் அதைக் கரைத்து உறிஞ்சக்கூடிய நிலையில் வைக்கிறது. அமிலத்தை அடைத்தால் குளிசையின் பெரும்பகுதி வீணாக வெளியே போகும். அதற்கு மேல் தேத்தண்ணி. தேயிலைச் சாயத்தில் உள்ள பொருட்கள் இரும்பைக் கட்டிவிடும். ஒமிப்ரசோல், பிளேன்டீ, இரும்புக் குளிசை மூன்றும் ஒரே காலையில் என்றால் அந்தக் குளிசையை எண்ணிப் பயனில்லை. இரும்பை முடிந்தளவு வெறும் வயிற்றில், வைட்டமின் சி குளிசையோடு அல்லது கொய்யா, நெல்லி போன்ற பழத்தோடு, தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலம் முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும் தள்ளி எடுக்க வேண்டும். பாலும் கல்சியம் குளிசையும் அதே நேரத்தில் கூடாது. கர்ப்பிணிகளுக்கு மருத்துவிச்சி கொடுக்கிற இரும்புக்கும் கல்சியத்துக்கும் இதே விதிதான், இரண்டையும் வேறு வேறு வேளையில். நாலு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் குளிசை சேரவில்லை, அல்லது எங்கோ இரத்தம் போகிறது.

இரும்பு குடிக்கிறவர்களின் மலம் கருக்கும். அது வேறு, இரத்தக்கசிவு வேறு. இரும்பின் கறுப்பு கெட்டியாக, கொஞ்சம் பச்சை கலந்தது போலிருக்கும். இரத்தக்கசிவின் கறுப்பு தார் போல ஒட்டும், பளபளக்கும், நாற்றம் தாங்காது. இரண்டாவது என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பி12க்கும் அமிலம் வேண்டும். 2 வருசத்துக்கு மேல் இந்த மருந்தைக் குடிக்கிறவர்களில் பி12 குறைவு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. மெட்ஃபோமினும் தன் பங்குக்கு பி12ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து போகிறவர், அதோடு மரக்கறிச் சாப்பாடு மட்டும் என்றால், கால் விறைப்பை உடனே சீனி வருத்தத்தின் மேல் போட்டுவிடாமல் பி12 பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மெக்னீசியம் இன்னொன்று. 2011இல் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. பெரும்பாலும் ஒரு வருசத்துக்கு மேல் குடித்தவர்களுக்கு வரும். தசைப்பிடிப்பு, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, முற்றினால் வலிப்பு. கால் வீக்கத்துக்கோ ப்ரஷருக்கோ தண்ணீர் போகிற குளிசை, அதாவது ஃபுரோசமைட், ஹைட்ரோகுளோரோதையசைட் சேர்ந்திருந்தால் ஆபத்து கூடும். இருதயத்துக்கு டிகொக்சின் குடிக்கிறவருக்கு மெக்னீசியம் குறைவது இன்னும் மோசம், டிகொக்சினின் நஞ்சுத்தன்மையே அதிகரிக்கும். சில பேருக்கு மெக்னீசியம் கொடுத்தாலும் ஏறாது, அமில மருந்தை நிறுத்தினால்தான் ஏறும்.

கடைசியாக என் பெயருக்கு ஏற்ற விசயம். வயிற்று அமிலம் ஒரு காவல்காரன். சாப்பாட்டோடும் தண்ணீரோடும் உள்ளே போகிற கிருமிகளில் பலவற்றை அது அங்கேயே கொல்கிறது. அமிலத்தை அடைத்தவருக்கு வயிற்றோட்டக் கிருமிகள் எளிதில் தொற்றும். பீலித் தண்ணீரையும் ஊற்றுத் தண்ணீரையும் நேராகக் குடிக்கிற வீடுகளில் இந்தக் குளிசை குடிக்கிறவர் இருந்தால், தண்ணீரைக் கொப்புளம் எழும்பக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். மழைக் காலத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கிளினிக்கொப்பி (தலவாக்கலை):

இந்த இடத்தில் ஒரு கேள்வியை வைக்கிறேன், பல பேர் போனில் வருகிற வீடியோவைப் பார்த்துக் கேட்கிறது. ஒமிப்ரசோல் குடிச்சா கிட்னி போகும், மறதி வரும், எலும்பு உடையும் என்கிறாங்க. எது எவ்வளவு உண்மை?

சிவனொளி (மஸ்கெலியா):

மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சிறுநீரகத்தில் திடீர் அழற்சி வருவது உண்மை, அரிது. மருந்து தொடங்கிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ச்சல், உடம்பில் தடிப்பு, சிறுநீர் குறைதல், காரணமில்லாத சோர்வு என்று வரலாம். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற அளவு) கூடியிருக்கும். உடனே நிறுத்த வேண்டிய நிலை. நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி 2016இல் வந்த ஆய்வுகள் தொடர்பைக் காட்டின, காரணம் என்று நிறுவவில்லை. எலும்பு முறிவும் அப்படித்தான். 2010இல் எச்சரிக்கை வந்தது. கூடிய அளவில், ஒரு வருசத்துக்கு மேல், வயதானவர்களுக்கு என்றால் கவனம். கல்சியம் காபனேட் குளிசை கரைய அமிலம் வேண்டும், அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். கல்சியம் சிட்ரேட்டுக்கு அந்தத் தேவை இல்லை. மறதி நோய்க்கு உறுதியான சான்று இல்லை, அந்த வீடியோவை நம்பி மருந்தை வீச வேண்டாம்.

இவற்றைச் சோதிக்கச் சரியான முறையில் நடந்த பெரிய ஆய்வு 2019இல் வந்தது. 17,598 பேர், பாதிப் பேருக்கு பென்டோப்ரசோல், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, ஏறத்தாழ 3 வருசம். தெளிவாகக் கூடியது குடல் தொற்று ஒன்றுதான், 1.0 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாக. பீலித்தண்ணி சொன்ன அதே விசயம். அது 3 வருச ஆய்வு என்பதை மறக்க வேண்டாம், 10 வருசம் குடித்தால் என்ன என்பதற்கு அது பதில் சொல்லாது.

மருந்துமேசை (ஹட்டன்):

மற்ற மோதல்களை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பட்டியலில் உள்ள தைரொக்சின் முதலில். அமிலம் குறைந்தால் தைரொக்சின் சரியாகக் கரையாது. நேரத்தைப் பிரித்தாலும் முழுதாகத் தீராது, ஏனென்றால் அமிலம் நாள் முழுக்கக் குறைவாகவே இருக்கிறது. அமில மருந்தைத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ 6 முதல் 8 வாரத்தில் தைரொயிட் இரத்தப் பரிசோதனையான டீ.எஸ்.எச். பார்த்து அளவைத் திருத்த வேண்டும். நிறுத்தும்போது பார்ப்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இரும்புக்கும் தைரொக்சினுக்கும் இடையே 4 மணித்தியாலம்.

வலிப்புக்கு ஃபெனிட்டோயின் குடிக்கிறவருக்கு ஒமிப்ரசோல் சேர்ந்தால் ஃபெனிட்டோயின் உடம்பில் தேங்கும். தள்ளாட்டம், கண் ஆடுதல், குழறிய பேச்சு என்று தெரியும். இரத்தம் கட்டாமல் இருக்க வாஃபரின் குடிக்கிறவருக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) கொஞ்சம் ஏறலாம், தொடங்கிய வாரத்திலும் நிறுத்திய வாரத்திலும் பாருங்கள். மனச்சோர்வுக்கு சிட்டலோபிராம் குடிக்கிறவருக்கு ஒமிப்ரசோலோடு அது 20 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, இருதய மின்னோட்டம் குழம்பும். பதற்றத்துக்குக் கொடுக்கிற டயசிபாம் உடம்பை விட்டு இறங்க நேரமெடுக்கும், வயதானவர் விழுந்துவிடுவார். காச நோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு எதிர்ப்பக்கம்: ஒமிப்ரசோல் சீக்கிரம் உடைந்துபோய் எரிவு திரும்பும். பூஞ்சணத்துக்கான இட்ராகொனசோல் கப்சியூலும் கெட்டோகொனசோலும் அமிலம் இல்லாமல் சேராது. ஃப்ளுகொனசோலுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாதத்துக்கு வாரம் ஒரு முறை எடுக்கிற மெத்தோட்ரெக்சேட்டைக் கண்காணிப்போடு தொடரலாம். புற்றுநோய்க்குக் கூடிய அளவில் ஏற்றும்போது அமில மருந்தை நிறுத்தி வைப்பார்கள். எச்.ஐ.வி.க்கான ரில்பிவிரினோடு இந்த வகை மருந்து எதையும் சேர்க்கவே கூடாது.

வாந்திக்குக் கொடுக்கிற டொம்பெரிடோன் கலந்த கப்சியூல்கள் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் பென்டோப்ரசோல் என்று நினைத்து அதை வாங்கிவிடுகிறார்கள். டொம்பெரிடோன் இருதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது. ஐரோப்பிய ஒழுங்குமுறையில் 2014இலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். நம் மாதிரிப் பட்டியல் அம்மாவுக்கு அது ஆகாது. பெட்டியில் என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்று சின்ன எழுத்தை வாசிக்க வேண்டும்.

வார்ட்மிஸ் (பதுளை):

வயிற்றெரிவுக்குக் குடிக்கிற பாணி மருந்தையும் பொடியையும் யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. அலுமினியம், மெக்னீசியம் கலந்த வெள்ளைப் பாணி சில அன்டிபயோட்டிக்கைக் கட்டிப்போடும். சிப்ரோஃப்ளொக்சசின் குடித்து 2 மணித்தியாலம் கழித்துத்தான் பாணி, அல்லது பாணி குடித்து 6 மணித்தியாலம் கழித்துத்தான் சிப்ரோஃப்ளொக்சசின். எலிக்காய்ச்சலுக்காகக் கொடுக்கிற டொக்சிசைக்கிளினுக்கும் பாணியையும் இரும்பையும் தள்ளியே வைக்க வேண்டும். டொக்சிசைக்கிளினை ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். இரவில் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். அந்த எரிவுக்கு மறுபடி ஒமிப்ரசோல் கேட்டு வருவார்கள்.

அலுமினியம் மலத்தை இறுக்கும், மெக்னீசியம் இளக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இரண்டும் உடம்பில் தேங்கும், கேட்காமல் கொடுக்கக் கூடாது. நுரைக்கிற பொடியில் இருப்பது சோடியம். ஒரு கிராம் சோடியம் பைகாபனேட்டில் ஏறத்தாழ 270 மி.கி. சோடியம். உப்பைக் குறைக்கச் சொன்ன ப்ரஷர்காரரும் இருதய நோயாளியும் நாளுக்கு இரண்டு பைக்கட் குடித்தால் கறியில் உப்பைக் குறைத்ததற்குப் பொருள் என்ன?

அமிலத்தை வேறு வழியில் குறைக்கிற ஃபமொட்டிடின் பற்றி ஒரு வரி. மோதல் குறைவு, இரவு எரிவுக்கு நல்லது. தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் பலன் குறையும். சிறுநீரகம் குறைந்தவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் முதியவர்கள் குழம்பிப் பேசுவார்கள். வீட்டில் அதே வகைப் பழைய ரனிட்டிடின் கிடந்தால் போட வேண்டாம். என்.டி.எம்.ஏ. என்ற மாசு உருவாவதால் அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள்.

கப்சியூல் விழுங்க முடியாத முதியவருக்கு: ஒமிப்ரசோல் கப்சியூலைத் திறந்து, உள்ளே உள்ள மணிகளை ஒரு கரண்டி தயிரில் போட்டு, மெல்லாமல் உடனே விழுங்கக் கொடுக்கலாம். மணியை இடிக்கக் கூடாது, பாலில் போடக் கூடாது. அந்த மேற்பூச்சு போனால் மருந்து வயிற்றிலேயே அழிந்துவிடும். பென்டோப்ரசோல் குளிசையை உடைக்கவே கூடாது.

கிளினிக்கொப்பி (தலவாக்கலை):

இப்ப மற்றப் பக்கம். கொழும்பில் கடை வேலை செய்கிற 24 வயதுப் பையன், நேரத்துக்குச் சாப்பாடு இல்லாம வயிறு எரிஞ்சு தொடங்கினது, 3 வருசமா ஒமிப்ரசோல் தானாக வாங்கிக் குடிக்கிறான் என்று வைப்போம். வேற நோய் இல்லை. நிறுத்தினா மூணாம் நாளே எரியுது, அதனால மருந்து இல்லாம வாழ முடியாது என்று நினைக்கிறான். அந்த எரிவு நோயா, மருந்தை விட்டதாலா?

சிவனொளி (மஸ்கெலியா):

பெரும்பாலும் விட்டதால் வருவது. அமிலத்தை அடைத்து வைக்கும்போது உடம்பு காஸ்ட்ரின் என்ற சுரப்பைக் கூட்டி "இன்னும் சுர" என்று விரட்டிக்கொண்டே இருக்கும். பூட்டைத் திறந்ததும் வெள்ளம் வரும். டென்மார்க்கில் எந்த வயிற்று நோயும் இல்லாத 120 பேரில் 2009இல் இதைப் பார்த்தார்கள். எட்டு வாரம் எசோமெப்ரசோல் 40 மி.கி. குடித்து நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்கு அடுத்த நாலு வாரத்தில் எரிவோ புளித்த ஏப்பமோ வந்தது. வெறும் மாத்திரை மட்டும் குடித்த மற்றக் குழுவில் 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கு மருந்து நிறுத்தியதால் வந்த எரிவு.

ஆகவே அவனுக்கு வழி: 20 மி.கி. இரண்டு வேளை என்றால் ஒரு வேளையாக 2 முதல் 4 வாரம். பிறகு 10 மி.கி. அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் 2 வாரம். பிறகு நிறுத்து. திடீரென்று நிறுத்தினாலும் தவறில்லை, படிப்படியாக என்றால் பலருக்குத் தாங்குவது எளிது. இடையில் எரிந்தால், அமிலம் மேலே வராமல் மிதந்து தடுக்கிற அல்ஜினேட் பாணி சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும்போதும், அல்லது ஃபமொட்டிடின் 20 மி.கி. தேவைப்படும்போது. அந்த எரிவு சில வாரங்களில் தணியும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாம் நாள் மருந்துக்கடைக்குப் போய்விடுவான். கட்டில் தலைமாட்டுக் கால்களுக்கு 15 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வைப்பது, இடப்பக்கம் சரிந்து படுப்பது, சாப்பிட்டு 3 மணித்தியாலம் கழித்துப் படுப்பது, சிகரெட்டையும் சாராயத்தையும் விடுவது. தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து எரிவு கூடும், கட்டிலைத்தான் உயர்த்த வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் எரிந்தால் எச். பைலோரி கிருமி பார்க்க வேண்டும். மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ 2 வாரம் முன்பு ஒமிப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும், அன்டிபயோட்டிக் என்றால் 4 வாரம். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

நிறுத்தக் கூடாதவர்கள்: இரத்தம் கசிந்த அல்சர் வந்தவர், அஸ்பிரினோடு இன்னொரு இரத்தம் கட்டாமல் இருக்கும் மருந்து போகிறவர், எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண் கடுமை என்று எழுதப்பட்டவர், உணவுக்குழாயின் உட்சுவரில் பாரெட் என்ற மாற்றம் உள்ளவர். இவர்கள் டொக்டர் சொல்லாமல் ஒரு நாளும் விட வேண்டாம்.

வார்ட்மிஸ் (பதுளை):

குளிசையால் மூடி மறைக்கக் கூடாதவை: விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் மெலிவது, காப்பித்தூள் நிறத்தில் அல்லது இரத்தமாக வாந்தி, தார் போல மலம். நெஞ்செரிவு என்று நினைத்தது நெஞ்சை அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ ஓடி, வியர்த்துக் கொட்டினால் அது வயிறு அல்ல. பாணி கொடுத்துப் பார்க்காமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்சுக்குப் பணம் இல்லை. சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு நோவே இல்லாமல் வெறும் அஜீரணம் போலவும் வரும்.

மருந்துமேசை (ஹட்டன்):

எல்லாவற்றையும் சேர்த்து, 62 வயது அம்மாவின் நாளை இப்படி அடுக்கலாம். ஒமிப்ரசோலை பென்டோப்ரசோலாக மாற்றி, டைக்ளோஃபெனாக்கை எடுத்துவிட டொக்டர் ஒப்புக்கொண்ட பிறகு.

காலை 5 மணி, தைரொக்சின். 5.30க்கு பென்டோப்ரசோல். 6.15க்கு ரொட்டியோ பயறோ, சாப்பிட்ட உடனே அஸ்பிரின், குளோபிடோகிரல், மெட்ஃபோமின். தேத்தண்ணி 7 மணிக்குப் பிறகு ஒன்றோடு நிற்கட்டும். 11 மணிக்கு இரும்பு, அரைக் கொய்யாவோடு. பகல் சாப்பாடு 12.30. பின்னேரத் தேத்தண்ணி தாராளமாக. இரவுச் சாப்பாடு 7 மணிக்கு, அதோடு இரண்டாவது மெட்ஃபோமின். படுக்க முன் அட்டோவாஸ்டாட்டின். கொப்பியின் முதல் பக்கத்தில் "பென்டோப்ரசோல்: ஸ்டென்டுக்காக, குளோபிடோகிரல் நிறுத்தும்போது மறுபடி பார்க்க" என்று எழுதித் தரும்படி டொக்டரைக் கேளுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் நாலு மாதத்துக்குக் கொடுத்தது பத்து வருசம் ஓடுகிறது.

பீலித்தண்ணி (பண்டாரவளை):

அட்டவணை நல்லது. ஒரே ஒரு திருத்தம் அண்ணே: 5 மணி தைரொக்சினுக்கு நேரே "வெறும் தண்ணீரோடு" என்று சேர்த்துவிடுங்கள். எழும்பினதும் கையில் இருப்பது தேத்தண்ணிக் கோப்பைதான். எழுதாவிட்டால் அதோடுதான் விழுங்குவார்கள்.

மருந்துமேசை (ஹட்டன்):

சேர்த்துவிட்டேன். பென்டோப்ரசோலுக்கும் தண்ணீர்தான்.